மூன்று மடங்கு நார்மல்

ஒரு மனுஷனை நார்மல் என்று ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டால், அப்புறம் அவரோடு குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்று ஊசியைத்தான் கேட்க வேண்டும்.

ஊசி என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். தெருக்கோடியில் இருக்கிற ஆராய்ச்சி ஆஸ்பத்திரியின் மாடி லேபில் ரத்தம் எடுக்கிறவள். குத்தியதே தெரியாமல் எடுத்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயரில் கொஞ்சம் மரியாதையும் உண்டு. அவள் புருஷன் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். முன்பெல்லாம் அவருக்கு மெக்கானிக் என்றுதான் பெயர். போன வருஷத்திலிருந்து நார்மல்.

அது எப்படி வந்தது என்றால், ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று இருக்கிறது. எங்கேயாவது வெட்டுப்பட்டால் ஓடிவந்து அடைத்துக்கொள்கிற சமாசாரம். அது ஓடுகிற ஓட்டத்தில், பிஸ்கட் தின்கிற குழந்தை நடந்த வழி மாதிரி, பொடிப்பொடியாக எதையோ உதிர்த்துக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாது, சாதாரண மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாது. அந்தப் பொடியை எண்ணுவதுதான் ஆஸ்பத்திரி மாடியில் நடக்கிற வேலை. நல்ல உடம்பில் இத்தனை, நெஞ்சடைப்பு வரப்போகிற உடம்பில் இத்தனை என்று ஒரு நாள் சொல்ல முடிந்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அதற்கு முதலில் நல்ல உடம்பு ஒன்று வேண்டும். சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, மாத்திரை என்று ஒன்றை விழுங்கியதே கிடையாது என்றிருக்கிற ஆளைத் தேடினார்கள். ஊசி எங்கேயும் தேடாமல் தன் வீட்டுக் கூடத்திலிருந்தே ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள்.

அன்றைக்குப் பிடித்தது வினை. சாப்பாட்டில் உப்புக் குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், "எனக்குச் சரியா இருக்கு. நான்தானே நார்மல்?" என்பார். கூடவே இருக்கிற தமக்கையோடு வாக்குவாதம் வந்தால், "நம்ம ரெண்டு பேர்ல யாரு நார்மல்னு மாடில போய்க் கேட்டுட்டு வா" என்பார். எதிர்ச்சாரி சலூன்காரருக்கு இது போதாதா?

"என்னய்யா நார்மல், முன்னால முடி கொட்டிக்கிட்டே போகுதே, அதுவும் நார்மலா?"

"இனிமே இதுதான் நார்மல். மத்தவங்க எல்லாரும் கொட்டிக்க வேண்டியதுதான்."

"அப்ப என் பிழைப்பு?"

"அது உன் பிரச்சினை. என் ரத்தத்துல சலூனுக்கு இடம் கிடையாது."

மாடியில் இருந்த பிரச்சினை வேறு. நார்மலின் ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரை எடுத்து உறையவைத்து, பாதியை இங்கே எண்ணினார்கள். மறுபாதியை ஐஸ் பெட்டியில் வைத்துத் தொலைவில் இருக்கிற பெரிய ஊர் லேபுக்கு அனுப்பினார்கள். ஒரே ஆள், ஒரே கை, ஒரே ரத்தம். எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போகாது. அந்த ஊர் மெஷினுக்குக் கண் கூர்மை, சின்னப் பொடியையும் விடாது. இந்த ஊர் மெஷினுக்குப் பெரிய பொடிதான் தெரியும். இரண்டு வீட்டுச் சல்லடையில் சலித்த மாவு எப்படி ஒன்றாக இருக்கும்? அதனால் அளவு தெரிந்த பிளாஸ்டிக் மணிகளை, அதுவும் கண்ணுக்குத் தெரியாத மணிகள்தான், இரண்டு மெஷினிலும் ஓடவிட்டு, இந்த மணி அளவிலிருந்து அந்த மணி அளவு வரைக்கும் மட்டும் எண்ணுவோம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பேசி வைத்த பிறகும் ஒத்துப்போகவில்லை. இவர்கள் அவர்களைச் சொல்ல, அவர்கள் இவர்களைச் சொல்ல, சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி இழுத்துக்கொண்டே போனது.

இதற்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. துணி காயாத மாதம் நார்மலுக்கு அறுவடை மாதம். கூடத்தில், நடையில், படுக்கையறை வாசலில் என்று ஊரார் வீட்டு வாஷிங் மெஷின்கள் வந்து நின்றன. வீட்டுக்குள் எல்லோரும் பக்கவாட்டில்தான் நடந்தார்கள். ஒன்றைத் திறந்து போட்டுக்கொண்டு, இன்னொன்றைச் சோதனைக்கு ஓடவிடுவார். அது துணி பிழிகிற வேகம் எடுக்கும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் சேர்ந்து பேசும். சோப்புத் தண்ணீர் வாசனையும் சூடான ரப்பர் வாசனையும் சோற்றிலேயே ஏறிவிட்டதாகத் தமக்கை புலம்புவாள்.

அந்த மாதம் ரத்தம் கொடுக்க மாடிக்கு வர முடியாது என்று நார்மல் கையை விரித்துவிட்டார்.

"ஒரு மணி நேரம் அங்க வந்து உட்கார்ந்தா இங்க நாலு பேரு வாசல்ல நின்னு கத்துவாங்க. வேணும்னா இங்கயே எடுத்துக்கோ. உன் கை, உன் ஊசி, என் ரத்தம். நாற்காலி மட்டும்தானே வேற?"

லேப் நாற்காலியில் அமைதியாக உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது இரண்டு லேபும் சேர்ந்து போட்ட சட்டம். ஊசிக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நாற்காலி மட்டும்தானே வேறு என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. அதிகாலையில், வெறும் வயிற்றில், சாப்பாட்டு மேஜைப் பக்கத்தில் அவரை உட்காரவைத்து எடுத்தாள். குத்திய வேகத்தில் வருகிற ரத்தம் வேண்டாம் என்று முதல் ட்யூபைத் தனியே ஒதுக்கினாள். "நல்ல ரத்தத்தை இப்படிக் கொட்டறியே" என்று அவர் வழக்கம்போல் அங்கலாய்த்தார். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஸ்டாண்டில் நிமிர்த்தி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து, புடவை மாற்றி, ஸ்டாண்டை மேஜையிலிருந்து எடுத்து, பால் குடம் தூக்குகிற மாதிரி அலுங்காமல் நடந்து மாடி ஏறினாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கதை.

லேபில் மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவரைப் புள்ளிக்காரர் என்பார்கள். நாள் பூராவும் திரையில் கொட்டுகிற புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் கடுகு தாளித்தால்கூட எண்ண ஆரம்பித்துவிடுவார் என்று கேலி. பேரன் எடுத்த மனுஷர். ஐஸ் பெட்டி அந்த ஊர் போய்ச் சேர்ந்து, இரண்டு லேபிலும் எண்ணிப் பார்த்த அன்றைக்கு அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஒட்டிருச்சு! ஒட்டிருச்சு!" என்று கத்தினார்.

"என்ன சார், எது ஒட்டிருச்சு?"

"நம்ம நம்பரும் அவங்க நம்பரும்மா! எத்தனை தரம் ஓட்டினாலும் ஒண்ணு போல வருது. அங்கயும் அப்படித்தானாம். இப்பத்தான் போன் வந்துச்சு."

மேடம் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். லேபுக்குத் தலைவி. சிரித்து யாரும் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தார்கள். வீடியோ காலில் அந்த ஊர் லேப்காரர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். இவர்களும் தட்டினார்கள். கேக் வந்தது. மேடமே வெட்டி, முதல் துண்டை ஊசியின் கையில் கொடுத்து, "உன் வீட்டுக்காரருக்கும் கொண்டுபோ. அவராலதான் இது" என்றார்.

ஊசி ஒரு வாய் கடித்துக்கொண்டே புள்ளிக்காரரின் மெஷின் திரையைப் பார்த்தாள். மெல்லுவது நின்றது.

"சார், இது எவ்வளவு?"

"அதான் சொல்றேனே, ரெண்டு பேருக்கும் ஒண்ணு."

"ஒண்ணுதான் சார். போன மாசம் எவ்வளவு இருந்துச்சு?"

புள்ளிக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். அவரும் கேக்கைக் கீழே வைத்தார். "போன மாசத்தைப் போல மூணு மடங்கு இருக்கும் போலிருக்கே."

இருதய வார்டிலிருந்து வருகிற ட்யூபுகளில்தான் இந்த மாதிரி எண்ணிக்கையை அவள் பார்த்திருக்கிறாள். அந்த ட்யூபுகளுக்கு உரியவர்கள் சிலர் அடுத்த முறை ரத்தம் கொடுக்க வந்ததில்லை. கையிலிருந்த கேக்கை என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையில் சுற்றினாள்.

"மேடம், இதுக்கு என்ன அர்த்தம்?"

மேடம் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றார். "ஒண்ணு, எண்ணிக்கை சரி, அவர் சரியில்ல. இல்லேன்னா அவர் சரி, எண்ணிக்கை சரியில்ல."

"ரெண்டும் சரியா இருக்க முடியாதா மேடம்?"

"இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

"மூணு மடங்கு இருந்தா என்ன வியாதி மேடம்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானேம்மா முதல்ல ஒழுங்கா எண்ணக் கத்துக்கறோம்? எண்ணறதையே இன்னிக்குத்தான் கத்துக்கிட்டோம். அதுக்குள்ள அர்த்தம் கேட்டா நான் எங்க போவேன்?" என்ற மேடம் அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடு."

டாக்டருக்குப் படித்தவரே டாக்டரிடம் காட்டு என்றால் வேறு யாரைப் போய்க் கேட்பது?

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். தம்பிக்கு மூத்தவள், புருஷன் போனபிறகு இங்கேயே இருந்துவிட்டவள். மோப்பத்தில் போலீஸ் நாய் பிச்சை வாங்க வேண்டும்.

"கை கேக் வாசனை அடிக்குது. மூஞ்சி இழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு. எதை நம்பறது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ரெண்டு லேபும் ஒத்துப்போச்சு."

"ஒத்துப்போகலேன்னு ஒரு வருஷமா இதே மூஞ்சி. ஒத்துப்போனாலும் இதே மூஞ்சிதானா? உனக்கு வேற மூஞ்சி கிடையாதா?"

ஒரு மெஷினுக்குப் பின்னாலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்கள் பேசின. "என்ன சொல்லுதாம் என் ரத்தம்?"

"நல்லாத்தான் இருக்குங்க."

"பரீட்சை எழுதினவன்கிட்ட பாஸா பெயிலான்னு சொல்லணும். நல்லாத்தான் எழுதியிருக்கேன்னு சொன்னா பெயில்னு அர்த்தம். விஷயத்தைச் சொல்லு."

"கொஞ்சம் அதிகமா இருக்கு."

"எவ்வளவு கொஞ்சம்?"

"மூணு மடங்கு."

கால்கள் அசையவில்லை. ஸ்பேனர் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. பிறகு முழு ஆளும் வெளியே வந்து உட்கார்ந்தார். மூக்கில் கிரீஸ்.

"மூணு மடங்கு நார்மலா?" என்றார், ஆசையாக. "அது நல்லதுதானே? சம்பளம் மூணு மடங்குன்னா நல்லதுதானே?"

"பேன் மூணு மடங்குன்னா?" என்றாள் நாத்தனார்.

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையைப் பிரித்துக் கேக்கை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

மறுநாளிலிருந்து நார்மல் நோயாளியாகிவிட்டார். அவரை யாரும் படுக்கச் சொல்லவில்லை, அவரே படுத்துக்கொண்டார். கட்டிலுக்கும் மெஷினுக்கும் இடையில் ஒரு பாயை விரித்து, மார்பில் கை வைத்து, "இருதயம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். பிறகு டீயே வேண்டாம் என்றார். நாத்தனார் போட்டுக் கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக, "இனிமே எத்தனை சூப்போ" என்றார். ஈரத் துணி மூட்டையோடு வாடிக்கைக்காரர்கள் வாசலில் நின்று மெஷின் எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "நான் எழுந்தா அதுவும் எழும்" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது. சலூன்காரர் நலம் விசாரிக்க வந்தார்.

"என்னய்யா, இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?"

"எப்படியோ கூப்பிடு. வர்றதுக்கு நான் இருக்கணுமே."

சலூன்காரர் வாயடைத்துப்போனதைத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

தெருமுனை டாக்டர் வயர்களை ஒட்டி இருதயத்தைப் படம் எடுத்தார். சிறுநீர், சர்க்கரை, கொழுப்பு என்று எல்லாவற்றையும் பார்த்தார். குதிரை மாதிரி இருக்கிறீர்கள் என்றார். ஊசி விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே குழம்பிவிட்டது.

"இது என்ன டெஸ்ட்டும்மா? நான் கேள்விப்பட்டதே இல்லையே. எவ்வளவு இருக்கணும்?"

"இவருக்கு எவ்வளவு இருந்துதோ அவ்வளவு இருக்கணும் சார். இவர்தான் நார்மல்."

"இப்ப இருக்கிறதும் இவருதுதானே? அப்ப இதுவும் நார்மல்தானே?"

"இல்ல சார், முன்னால இருந்தது நார்மல்."

"முன்னால இருந்தது சரின்னு யாரு சொன்னா?"

அதுவும் கேள்விதான். குடையை விரிக்க மறந்து மழையிலேயே நடந்து வந்தார்கள். வழி நெடுக அவர் குட்டைகளைத் தாண்டாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். தாண்டினால் இருதயம் என்னாகுமோ என்று பயம்.

அன்று சாயந்தரம்தான் பெரிய சண்டை. சண்டை என்றால் கத்தல் இல்லை. அவர் பாயில் உட்கார்ந்தபடி நிதானமாகக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் மெஷின் சரியா, நான் சரியா?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மெஷின் சரி என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் எந்த நிமிஷம் சாய்வாரோ தெரியாது. ஆள் சரி என்றால் ஒரு வருஷ வேலை சாக்கடையில் போயிற்று. இரண்டு லேபும் முதல் தடவையாக ஒன்றாகச் சொன்ன ஒரு வார்த்தை பொய்யாகிவிடும். ஒத்துப்போக வேண்டும் என்று அவள் எத்தனை நாள் மனசுக்குள் கெஞ்சியிருப்பாள். ஒத்துப்போனது இந்த நம்பரிலா? அவர்தான் சரி என்று சட்டென்று சொல்லிவிடலாம். வாய் கிட்டத்தட்ட திறந்துவிட்டது. ஆனால் எத்தனை தரம் ஓட்டினாலும் ஒன்றுபோல வருகிறதே என்ற புள்ளிக்காரர் குரல் காதுக்குள்ளேயே இருந்தது.

"பாரு அக்கா, யோசிக்கிறா" என்றார் நார்மல். "இதுக்குப் போய் யோசிக்கிறா."

"அப்படி இல்லைங்க..."

"என்ன அப்படி இல்ல? நான் சாகறதா, மெஷின் கெட்டுப்போறதான்னு கேட்டா பொண்டாட்டிக்கு யோசிக்க என்ன இருக்கு?"

அரிசி களைந்த தண்ணீரில் அவள் கை அப்படியே இருந்தது. நாத்தனாருக்கே பொறுக்கவில்லை. அவள் எந்தக் கட்சிக்கும் போவாள், தோற்கிற கட்சிக்கு முதலில் போவாள்.

"அவளை ஏன்டா வையற? அவ உன் ரத்தத்தைக் கண்ணுல ஒத்திக்காத குறையாத் தூக்கிட்டுப் போறா. நமக்குத்தான் அருவருப்பு. அன்னிக்குக்கூடச் சோறு திங்கற மேஜைல வச்சிட்டுக் குளிக்கப் போயிட்டா. ரொட்டிக்குப் பக்கத்துல ரத்தம்! நான்தான் எடுத்து வேற இடத்துல வச்சேன், அவ வர்ற சத்தம் கேட்டதும் திரும்ப மேஜைலயே வச்சிட்டேன். சொன்னாளா ஒரு வார்த்தை? பாவம்."

ஊசி மெதுவாகத் திரும்பினாள். "எங்க வச்சீங்க அண்ணி?"

"கீழ வச்சா இவன் தட்டி விட்டுருவான்னு மெஷின் மேல வச்சேன்."

"எந்த மெஷின்?"

"நடுக்கூடத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சே, லாரி மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு. அது."

"ஓடிக்கிட்டு இருந்த மெஷின் மேலயா!"

"ஓடாத மெஷின் மேலதான் இவன் கடையை விரிச்சு வச்சிருந்தானே, எங்க வைக்கச் சொல்ற? விழ விட்டுருவேனா? நீ குளிச்சு முடிக்கிற வரைக்கும் கையால பிடிச்சுக்கிட்டே நின்னேன். எனக்கே பல்லெல்லாம் ஆடிப்போச்சு."

நார்மல் பாயிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்தால் தெருமுனை டாக்டர் சொன்ன குதிரை தோற்கும்.

"அது பேரிங் போன மெஷின்! துணி பிழியறப்ப அது மேல என்னை உட்கார வச்சிருந்தா நானே மூணு மடங்கு ஆகியிருப்பேன். கேட்டியா? குலுக்கிட்டா! என் ரத்தத்தைக் குலுக்கி எடுத்துட்டா! அக்கா, ரெண்டு முட்டை போடு. டீ போடு. சர்க்கரை போட்டே போடு."

"குலுக்கினா கூடுமா?" என்றாள் நாத்தனார், முகம் வெளுத்து.

"கூடும் அண்ணி. ட்யூபை ஆட்டக் கூடாதுன்னு அதுக்குத்தான் சொல்றது. எவ்வளவு கூடும்னுதான் தெரியாது. மூணு மடங்கு கூடுமா, கொஞ்சம் கூடுமா, மிச்சம் இவருதான்னு இருக்குமா..."

"மிச்சமாவது மண்ணாவது" என்றார் நார்மல். முட்டையைத் தின்றார். தின்று முடித்துவிட்டு மார்பைத் தடவிக்கொண்டார். அவள் அதையும் பார்த்தாள்.

மறுநாள் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் எடுத்ததைக் கடைசியில்தான் சொன்னாள். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"வீட்டுலயா எடுத்த?"

"தப்புதான் மேடம்."

"வாஷிங் மெஷின் மேலயா வச்சாங்க?"

"ஆமா மேடம்."

"உன்னைத் திட்டணும். இதுக்கு எப்படித் திட்டறதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. யோசிச்சுட்டுத் திட்டறேன்." மேடம் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "ஆனா ஒண்ணு பாரு. குலுங்கின ரத்தமோ குலுங்காத ரத்தமோ, ரெண்டு லேபும் அதை ஒரே மாதிரி எண்ணியிருக்கோம். அப்ப எண்ணினது சரி. எண்ணின பொருள்தான் தப்பு. இதை அவங்ககிட்ட நல்ல செய்தின்னு சொல்றதா, கெட்ட செய்தின்னு சொல்றதா?"

புள்ளிக்காரர் கையைத் தூக்கினார். "மேடம், முதல்ல நல்லதைச் சொல்லிட்டு..."

"நீங்க சும்மா இருங்க. மறுபடி எடுங்க. இந்த நாற்காலில, என் கண்ணு முன்னால."

நார்மல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சொன்ன நேரம் வரைக்கும் மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விட்டார். முதல் ட்யூப் ஒதுக்கப்பட்டபோது அங்கலாய்க்கவில்லை. அதுதான் ஊசிக்குப் பயமாக இருந்தது. ட்யூபை அவள் கையிலேயே வைத்திருந்தாள்; யார் கேட்டும் கொடுக்கவில்லை. சுழற்றி, பிரித்து, உறையவைத்து, பாதிக்கு ஐஸ் பெட்டி கட்டி அனுப்பினார்கள்.

இங்கே எண்ணியபோது பழைய எண்ணிக்கை வந்தது. அச்சாக, போன மாதம் இருந்தது. புள்ளிக்காரர் திரும்பத் திரும்ப ஓட்டினார், மாறவே இல்லை. ஊசி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். நாத்தனார் போனிலேயே அழுதாள். அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

அந்த ஊரிலிருந்து பதில் வர நாளாயிற்று. வந்தபோது மேடம் அதைத் தானே சொல்ல வேண்டும் என்று அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"அங்க இன்னும் மூணு மடங்குதான் இருக்காம்."

ஊசி மேஜைமேல் இருந்த காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஐஸ் பெட்டி வழியில உருகி மறுபடி உறைஞ்சிருக்கலாம். உருகினாலும் கூடும். அவங்க மெஷினை நடுவுல சர்வீஸ் பண்ணினாங்களாம், அதுவா இருக்கலாம். இல்ல, நம்ம மெஷினுக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சோ என்னவோ. எனக்குத் தெரியலம்மா."

"அப்ப எங்க வீட்டுக்காரர் மேடம்?"

மேடம் காகிதத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இங்க எண்ணினா நல்லா இருக்கார்" என்றார்.

வீட்டில் அவள் அதை அப்படியே சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். நார்மல் ஒரு மெஷினின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்து, திருகாணிகளை எண்ணிக் கிண்ணத்தில் போட்டார்.

"அப்ப அந்த ஊர்லதான் எனக்கு வியாதி" என்றார். "அங்க போகாம இருந்தா போச்சு."

"அங்கதான்டா நம்ம பெரியப்பா பொண்ணு இருக்கா" என்றாள் நாத்தனார்.

"அவளைப் பார்க்காம இருக்கறதும் உடம்புக்கு நல்லதுதான்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. ஊசிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் அவர் கிண்ணத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீ எதை நம்பற?"

"தெரியலைங்க."

இந்தத் தடவை அவள் யோசிக்கவே இல்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"எனக்கும் தெரியல" என்றார். "நெஞ்சைத் தொட்டா இருக்கிற மாதிரி இருக்கு. தொடாட்டி இல்லாத மாதிரி இருக்கு."

"இன்னொரு தரம் எடுக்கணும். பெட்டியை யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். நானே மடில வச்சுக்கிட்டு அந்த ஊருக்குப் போறேன்."

"பெட்டி எதுக்கு? ஆடுதுங்கற, உருகுதுங்கற. ஒரு வருஷமா என் ரத்தம் மட்டும் ஊர் ஊராப் போய்க்கிட்டு இருக்கு, என்னை விட்டுட்டு. நானே வரேன். அது உள்ளயே இருந்துட்டு வரட்டும். அங்க போய் எடு."

"அந்த ஊருக்குப் போக மாட்டேன்னீங்க?"

"சொன்னேன். அங்க போய் அவங்க என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எண்ணட்டும். அப்பவும் மூணுன்னா மூணு."

இங்கே ஒரு தரம் எடுத்து எண்ணிவிட்டு, அங்கே ஒரு தரம் எடுக்கலாம் என்று மேடம் ஒத்துக்கொண்டார். மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் இருவரும் கிளம்பினார்கள். சலூன்காரர் சீப்பும் கையுமாக வெளியே வந்தார்.

"ஜோடியா எங்க கிளம்பிட்டீங்க?"

"எனக்கு வியாதி இருக்கற ஊருக்கு" என்றார் நார்மல். சலூன்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சீப்பை ஆட்டி வழியனுப்பினார்.

பஸ்ஸில் முன்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். மழையில் சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நார்மல், "மெதுவாப்பா, மெதுவா" என்று டிரைவருக்குக் கேட்கும்படி சொன்னார். உள்ளே என்னத்தை வச்சிருக்கே, முட்டையா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையால் இடது கையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஊர் வருகிறதா என்று மட்டும் அடிக்கடி கேட்டார்.

உடம்புக்குள் இருக்கும்போது குலுங்கினால் ஒன்றும் ஆகாது என்று ஊசி சொல்ல வாயெடுத்தாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. அடுத்த பள்ளம் வருவதற்குள் அவருடைய முழங்கையைக் கீழிருந்து ஏந்தி, நிமிர்த்தி, ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.